லைகோடாக்டைலஸ் குற்றாலிங்கமி

குற்றாலிங்கமி. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆடி மாதம் கொடை நடக்கிற ஏதோ ஒரு அம்மன் பேர் மாதிரி இருக்கிறது, லைகோடாக்டைலஸ் குற்றாலிங்கமி என்று முழுதாகச் சொன்னால் அந்த அம்மனுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்துவிட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் இது அம்மனும் இல்லை ஆத்தாளும் இல்லை, பல்லி, ஆப்பிரிக்கப் பல்லி, சுண்டுவிரல் நீளம் வந்தாலே பெரிய விஷயம், தான்சானியாவில் மொரோகோரோ பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலில் நான் பிடித்தது, வருஷக்கணக்காக ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்துவிட்டு இப்போது புது இனம் என்று தெரிந்து, அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி இன்று காலை நான் பல் துலக்குவதற்கு முன்பே செல்போனில் வந்து இறங்கிய பக்கங்களில் எங்கள் அப்பா பேரோடு நிற்கிறது. என் பேர் மந்திரமூர்த்தி. குற்றாலிங்கம் என்பது என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது, இருந்தவரை பல்லி என்றால் நாலடி தள்ளி நின்றவர், பல்லி பிடிக்கிற படிப்பை நான் படித்ததை உறவில் ஒருவரிடமும் வாய்திறந்து சொல்லாதவர், 'காலேஜ்ல வாத்தியாரா இருக்கான்' என்பார், என்ன பாடம் என்று யாராவது கேட்டால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். நான் இன்று சாயங்காலத்துக்குள் வாயைத் திறக்காவிட்டால் அவர் பேர்தான் உலகம் உள்ளவரை அந்தப் பல்லியின் பின்னால் நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் அது என் இடம், எனக்கென்று போட்ட நாற்காலி, அதில் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்திரிங்க அப்பா என்று எப்படிச் சொல்வது. நான் உட்கார்ந்திருப்பது கருவூல ஆபீஸ் வராந்தாவில் ஒரு மர பெஞ்சில். வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன்காரர்கள் நேரில் வந்து, பாருங்கள் நான் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். டோக்கன் கையில் இருக்கிறது. பக்கத்தில் என் மனைவி பிரமு குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள், தூங்கவில்லை, என் மூச்சுச் சத்தத்தை வைத்தே நான் எதையோ மென்றுகொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

நீமாவைச் சொல்லிக் குற்றமில்லை. தங்கமான பெண். தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் பல்லி ஆராய்ச்சி செய்கிறாள், நான் ஊர் திரும்பும்போது அங்கே கொடுத்துவிட்டு வந்த பாட்டில்களை யாரும் சீண்டாமல் போட்டு வைத்திருந்ததை அவள்தான் தூசி தட்டித் திறந்தாள், ஒன்றில் இருந்த பல்லிக்குத் தாடைக்கடியில் செதில் கணக்கு எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தாள், என் விலாசம் தேடி மெயில் போட்டாள். டியர் டாக்டர் குற்றாலிங்கம். அந்த இடத்திலேயே, முதல் மெயிலிலேயே, அம்மா தாயே அது என் பேர் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. முதல் மெயிலிலேயே திருத்தினால் என்ன நினைப்பாள், இரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், இரண்டாவதில் செதில் விஷயமாகப் பேச்சு சூடு பிடித்துவிட்டது, பத்தாவது மெயிலில் போய், நீ இத்தனை நாளாகக் கூப்பிட்டது வேறொரு ஆளை என்று சொல்ல எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவள் என்ன செய்வாள், பாஸ்போர்ட்டில் அப்படித்தானே இருக்கிறது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பேர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று 'கு'வை விரித்து எழுதிவிட்டார்கள், அதோடு விமானத்தை விட்டு இறங்கிய இடத்தில் நான் காணாமல் போய்விட்டேன், எங்கள் அப்பா வந்துவிட்டார். மொரோகோரோவில் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று குட்மார்னிங் மிஸ்டர் குற்றாலிங்கம் என்று ராகம் போடும், எனக்குப் பின்னால் அப்பா துண்டை உதறிக்கொண்டு வந்து நிற்கிறாரோ என்று எத்தனையோ நாள் திரும்பிப் பார்த்திருக்கிறேன். பழகிவிட்டது. பழகித் தொலைத்ததுதான் வினை. ஏனென்றால் முதலில் அந்தக் கட்டுரையில் என் பேரும் இருந்தது, நீமா, நீமாவின் ஜெர்மன் பேராசிரியர், மூன்றாவதாக நான், மூன்றாவது ஆளாக இருந்தாலும் இருந்தேன் அல்லவா. அப்புறம் நீமா ஒருநாள் தயங்கித் தயங்கி எழுதினாள், இதற்கு உங்கள் பேரை வைக்க ஆசைப்படுகிறோம், ஆனால் பேர் வைக்கிறவர் தன் பேரையே வைத்துக்கொள்கிற வழக்கம் கிடையாது, நீங்கள் கட்டுரையிலிருந்து விலகிக்கொண்டால் முடியும். உண்மைதான், சட்டம் என்று இல்லை, ஆனால் செய்தவனைப் பார்த்து ஊர் உலகத்துப் பல்லிக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். நான் குளிக்கக்கூடப் போகாமல் பதில் போட்டேன், மிகுந்த பணிவோடு விலகிக்கொள்கிறேன் என்று. பணிவாம். அன்று முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், பிரமு கேட்டாள், 'என்ன, காத்துல நடக்கிய?' என்று. கட்டுரை எழுதுகிறவன் பேர் கட்டுரையோடு போய்விடும், பல்லியில் ஏறிய பேரை எவனாலும் இறக்க முடியாது, நான் செத்து நூறு வருஷம் கழித்து எவனோ ஒருவன் லென்ஸை வைத்துக்கொண்டு என் பேரைச் சொல்வான், அதை நினைத்தால் சாவுகூட அவ்வளவு கெட்ட விஷயமாகத் தெரியவில்லை. அவள் என் பேர் என்று நினைத்திருப்பது எது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது பார்த்தால் கட்டுரையிலும் நான் இல்லை, பல்லியிலும் நான் இல்லை. நானே போய் என்னை இரண்டு இடத்திலும் அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, போன அப்படி முறைக்கிய? பென்ஷன் ஏறலையா?" என்றார் இடது பக்கம் இருந்தவர். ஆவுடையப்பன் என்று சற்று முன்னால்தான் அறிமுகம் செய்துகொண்டார், விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் காலையிலிருந்து தொண்டையில் நிற்கிறது, சொல்லிவிட்டேன், பல்லி, ஆப்பிரிக்கா, பேர், அப்பா, எல்லாம். அவர் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "பல்லிக்கு எதுக்கு அண்ணாச்சி பேரு? கூப்பிட்டா வரவா போகுது?" கூப்பிட இல்லை, இது எல்லாப் பல்லியிலிருந்தும் வேறே என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றேன். "பல்லிக்குத் தெரியுமா அது வேறேன்னு?" தெரியாது என்றேன். "அப்போ ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பிறகு அவரே யோசித்து, "ஆனா உங்க அப்பாவுக்கு இது சந்தோஷமா இருக்குமா, வருத்தமா இருக்குமா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, இல்லை, உட்கார்ந்தபடியேதான், ஆனால் மனசுக்குள் எழுந்து நின்று, இந்த நிமிஷமே நீமாவுக்கு எழுதித் திருத்திவிடுகிறேன், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன், அந்த நேரம் பார்த்து டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வீட்டுப்பல்லி சிட் சிட் சிட் என்றது. ஆவுடையப்பன் உடனே சிவ சிவா என்று பெஞ்சில் மூன்று தட்டுத் தட்டினார். "பல்லியே சொல்லிட்டு, பாருங்க" என்றார். அது எல்லைச் சண்டை, ஆண் பல்லி இன்னொரு ஆணை விரட்டுகிற சத்தம், என் முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்போதுதான் கவனித்தேன், என் ஆள்காட்டி விரலும் பெஞ்சில் தட்டி முடித்திருந்தது. எத்தனை வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், விரலுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிடித்தது நான் என்று சொன்னேன் இல்லையா, அதையும் பிரமு காதில் விழும்படி சொன்னால் கண்ணைத் திறப்பாள். அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம், மாமரத்திலிருந்து ஜன்னல் கம்பிக்கு, கம்பியிலிருந்து மேடைக்கு என்று பட்டப்பகலில் அவை ராஜநடை போடும், நம்மூர்ப் பல்லியைப் போல இருட்டுக்குக் காத்திருப்பதெல்லாம் கிடையாது, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு, வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, சர்க்கரை டப்பா மூடியை நக்கும். நான் மூன்று மாதமாக அதில் ஒன்றைப் பிடிக்கப் பூனை நடை நடந்துகொண்டிருந்தேன், வலை, பஞ்சு, தேன் தடவிய குச்சி, ஒன்றுக்கும் அகப்படவில்லை. பிரமு ஒருநாள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள், அது பாத்திரத்தின் விளிம்பில் உட்கார்ந்து மாவை ருசி பார்த்துக்கொண்டிருந்தது, விளக்குமாற்றை எடுத்து ஒரே போடு. மாவு சுவரெல்லாம். பல்லி தரையில் மல்லாக்க. வால் தனியாகக் கிடந்து துடிக்கிறது. "இந்தாங்க, உங்க ஆராய்ச்சி" என்றாள். அந்த வால் துடிப்பு நிற்கும்வரை அவள் சமையலறைக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்றாள், நான் இரண்டையும் எடுத்துப் பள்ளிக்கூட லேப் ஸ்பிரிட்டை ஊற்றிக் கைக்குக் கிடைத்த பாட்டிலில் போட்டேன், ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டில், அதில் அவள் கையெழுத்தில் எலுமிச்சை என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வருஷங்கள் கழித்து நீமா அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டாள், இந்த எழுத்து தமிழ் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம், இது பல்லி பிடிபட்ட ஊரின் பேரா என்று. அதற்கு மட்டும் உட்கார்ந்து முக்கால் பக்கம் விளக்கம் எழுதினேன், எலுமிச்சை என்பது ஒரு பழம், அதை உப்பில் ஊறப்போடுவோம், காரம் சேர்ப்போம் என்று. ஊறுகாய்க்கு முக்கால் பக்கம் எழுதத் தெரிந்தது, என் பேருக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. இப்போது அச்சுப் பக்கத்தில் இருக்கிறது, மாதிரி உயிரியின் வால் முறிந்துள்ளது என்று. எப்படி முறிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தோசை மாவு தின்ற குற்றத்துக்கு என் வீட்டம்மா கொடுத்த தண்டனை உலக விஞ்ஞானத்தில் நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது, அதற்கு அவள் பேர்கூடத் தேவைப்படவில்லை.

சரி, என் பேர் எங்கேயும் இல்லை என்று இவ்வளவு அங்கலாய்க்கிறேனே, அது பொய். டொரான்டோவில் இருக்கிறது. என் மகள் மணிமொழி கழுத்தில் தொங்குகிற ஆபீஸ் அட்டையில் இருக்கிறது, அவள் பாஸ்போர்ட்டிலும் அதே கட்டம், அதே கதை, 'ம'வை விரித்து என்னை எழுதிவிட்டார்கள். அங்கே யாரும் அவளை மணிமொழி என்று கூப்பிடுவதில்லை, மந்திரமூர்த்தி என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்கு நாக்கு புரளவில்லை, சுருக்கி மேண்டி என்கிறார்கள். "அப்பா, ஒரு மீட்டிங் முழுக்க எல்லாரும் உங்க பேரச் சொல்லித்தான் என்னத் திட்டுதாங்க" என்றாள் ஒருநாள் போனில், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்கு எதற்கோ முகம் சுருங்கிவிட்டது, நீ சொல்லித் திருத்து தாயி, அது உன் பேர் இல்லையே என்றேன். "போங்கப்பா, எத்தன பேருக்குப் போய்ச் சொல்ல" என்றாள். இதே வார்த்தைதான். நான் நீமாவிடம் சொல்லாமல் விட்டதற்கும் இதுதான் காரணம். ஆக, நான் போன இடத்திலெல்லாம் அப்பா, அவள் போகிற இடத்திலெல்லாம் நான். ஒவ்வொருவரும் முந்தின ஆளைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போகிறோம். இதை நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அடுத்த நிமிஷமே இல்லை, ஆறுதல் எல்லாம் வேண்டாம், பல்லிதான் வேண்டும் என்று மனசு காலை உதைத்தது. இந்த வயசில் இந்த ஆசை ஆகாது என்று தெரிகிறது, தெரிந்தால் மட்டும் போய்விடுமா. போனமுறை இதே வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்தமுறை வரவில்லை. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே காட்டலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அப்படிச் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எதையும் நினைக்காமல் போனை எடுத்தேன்.

எழுதினேன். அன்புள்ள நீமா, மன்னிக்க வேண்டும், குற்றாலிங்கம் என் பேர் இல்லை, என் தந்தையின் பேர். இது வந்துவிட்டது, இரண்டு வருஷமாக வராத வரி, முள் எடுத்த மாதிரி வந்துவிட்டது. அடுத்த வரி, அவருக்கும் இந்தப் பல்லிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது சரியா. ஒரு வரி எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பல்லிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, சரி, பொதுவாகப் பல்லிகளோடு எங்கள் வீட்டில் யாருக்காவது சம்பந்தம் இருந்தது என்றால் அவருக்குத்தான். நெல்லை டவுனில் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை, கடையில் அவர் கை பட்டால் துணி நூல் பிசகாது, ஆனால் வீட்டில் ஒரு தீப்பெட்டி வாங்குவதென்றாலும் சுவரைப் பார்ப்பார். பயமும் உண்டு, கேட்காமலும் இருக்க முடியாது. பிரமுவை எனக்குப் பேசி முடித்ததே கிழக்குச் சுவரில் ஒரு பல்லி சரியான நேரத்துக்கு வாயைத் திறந்ததால்தான், இதை அவளிடம் சொன்னால் 'அதான அடிச்சேன்' என்பாள். காலேஜில் லீவு போட்டுவிட்டுத் தான்சானியாப் பள்ளிக்கூட வேலைக்குப் போகட்டுமா என்று நான் போய் நின்றபோது அப்பா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், பல்லியும் அவரைப் பார்த்தபடி இருந்தது, இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை, கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்கும் தெரியல போலிருக்கு, போயிட்டு வா" என்றார். இதை எல்லாம் நீமாவுக்கு எதற்கு எழுத வேண்டும். ஆனால் எந்தச் சம்பந்தமும் இல்லை என்ற வரியை அழித்துவிட்டதால் அந்த இடத்தில் ஏதாவது எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். என் தந்தை பல்லிகளுக்குப் பயந்தவர். பல்லிகளைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாதவர். நீமாவுக்கு இது புரியுமா, புரியும், அவள் பாட்டி ஊரில் ஓணான் விஷயத்தில் இப்படி ஏதோ உண்டு என்று ஒருமுறை எழுதியிருக்கிறாள்.

அப்புறம் அந்த மதியம் ஞாபகம் வந்தது. வேண்டுமென்று கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. நான் காலேஜில் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஆள் அனுப்பினார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை உடனே வா என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கட்டிலில் நேராகப் படுத்திருக்கிறார், அம்மா தலைமாட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். என்ன என்றால், காலையில் பல்லி உச்சந்தலையில் விழுந்துவிட்டதாம். பஞ்சாங்கத்தில் அதற்குப் பலன் ஒன்றுதான். அவர் அதற்குத் தயாராகிவிட்டார், கடைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொள்ளப் போனேன், அப்போது அப்பா என் பக்கம் தலையைத் திருப்பி, இதுவரை என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷர், கேட்டார். "ஏல, நீ அதத்தான படிச்சிருக்க. அது தவறி விழுமா, இல்ல வேணும்னே விழுமா?" எத்தனையோ பெரியவர்கள் எதிரே நின்று பிறகு பேசியிருக்கிறேன், அந்தக் கட்டில் காலடியில் நின்று பேசிய அளவுக்கு நான் எங்கேயும் கவனமாகப் பேசினதில்லை. பல்லியின் விரலடியில் வரிவரியாக மடிப்பு இருக்கும் அப்பா, மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத மயிர், அதை வைத்துத்தான் பிடிக்கிறது, சுவரில் பொடி உதிர்ந்தால் அந்த மயிரில் பொடி ஏறிக்கொள்ளும், பிடிப்பு விட்டுப்போகும். நம் வீட்டில் அடித்திருக்கிறது சுண்ணாம்பு, கை வைத்தாலே ஒட்டுகிறது, அதற்கு உங்களைத் தெரியாது, உங்கள் தலையைத் தெரியாது, கால் வழுக்கி விழுந்துவிட்டது பாவம். அப்பா முழுதும் கேட்டார். நடுவில் ஒருமுறை, "எத்தன வரி இருக்கும் ஒரு விரல்ல?" என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "சுண்ணாம்புதான் காரணம்னா சரி" என்று எழுந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து, "சோத்தப் போடு" என்றார். அந்த வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பை விட்டு டிஸ்டெம்பர் பெயிண்ட் அடித்தார். ஜவுளிக்கடையில் துணி எடுக்க வந்தவர்களிடம் எல்லாம், பல்லிக்கு விரலில் வரி உண்டு தெரியுமா என்று துணியை அளந்துகொண்டே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன், என் மகன் சொன்னான் என்று மட்டும் சொல்லவில்லை, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னாராம். அதற்கும் மேல் நெடுங்காலம் இருந்தார்.

இதையும் எழுதிவிட்டேன். கட்டைவிரலால் தடவித் தடவி எழுதியதில் மெயில் நீளமாகப் போய்விட்டது, மேலே தள்ளித் தள்ளிப் படித்துப் பார்த்தேன், எழுத வந்த விஷயம் அதில் இல்லை. பேரை மாற்று என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதலாம், இப்போதும் இடம் இருக்கிறது, தயவுசெய்து மந்திரமூர்த்தி என்று திருத்தவும், ஒரே வரி. விரலை வைத்தேன். எடுத்தேன். எங்கள் அப்பா ஒருவர்தான் என் படிப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் உயிரைப் பிடித்துக்கொண்டார், வேறு எவரும் என் படிப்பால் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டதில்லை. என் மாணவர்கள் பாஸ் ஆனார்கள், அவ்வளவுதான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இது இத்தனை வயசுக்கு மேல் ஒரு ஆபீஸ் வராந்தாவில் வைத்துத் தெரிந்தது. ஆனால் பெருந்தன்மையாக முடிவெடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், உள்ளே ஒருவன் ஐயோ ஐயோ என்று அடித்துக்கொண்டுதான் இருந்தான், கட்டுரையும் போச்சு பல்லியும் போச்சு என்று. அவன் வாயை மூடுவதற்குள் எழுதி முடித்தேன். பேரை மாற்ற வேண்டாம் நீமா. பேர்க் காரணத்தை மட்டும் மாற்று. என்னைப் பற்றிச் சிறந்த விலங்கியலாளர் என்று எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிட்டு இதைப் போடு. திருநெல்வேலி டவுன் ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுத்தவரும், வாழ்நாள் முழுக்கப் பல்லிகளுக்குப் பயந்தவரும், அவை ஏன் விழுகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருமான திரு. குற்றாலிங்கத்தின் நினைவாக. அனுப்பினேன். ஆவுடையப்பன் என்னாச்சு என்று கேட்டார், அப்பா பேரே இருக்கட்டும் என்று விட்டுட்டேன் என்றேன். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"கூப்பிடுதாவ, எந்திரிங்க" என்று பிரமு தோளைத் தொட்டாள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். உள்ளே இருந்த பெண் சின்ன வயசு, என் மகளைவிடச் சின்னவள், கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள், வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன், ஏற்கவில்லை. "ரேகையே விழல ஐயா. என்ன வேல பாத்திய?" என்றாள். பார்மலின் பாட்டிலுக்குள்ளேயே காலம் தள்ளிய விரல், வரியெல்லாம் அரித்துப் போயிருக்கும், அதை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது, வாத்தியார் வேலை என்றேன். சாக்பீஸ் பிடித்தால் ரேகை போய்விடுமா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று வைத்துக்கொண்டே வந்தோம். பின்னால் பிரமு கையில் போன் சத்தம் போட்டது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாய்க்குள் படித்தாள்.

"நீமா எழுதியிருக்கா. படிச்சிட்டு அழுதுட்டாளாம். அப்படியே போட்டுருதாளாம்."

"சரி."

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் பிரமு. மறுபடி படித்தாள். "'அப்போ உங்க பேரு என்ன'ன்னு கேக்கா."

கவுண்டர்ப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிரமுவும் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள், அவளுக்குத் தெரியாத மாதிரி. மோதிர விரல் இன்னும் இயந்திரத்தின் மேல்தான் இருந்தது.

"மந்திரமூர்த்தி" என்றேன். பிறகு, அது போதாதென்று பட்டது. "கு. மந்திரமூர்த்தி."